பொட்டு இல்லாத பெட்டி

பொட்டு இல்லை.

இன்னொரு முறை குனிந்து பார்த்தேன். சீட்டுக்கு அடியில் நான்கு பேட்டரிகள். நான்கின் மேலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், குங்குமத்தின் நடுவில் ஒரே ஒரு அரிசி. மோட்டாருக்கும் அப்படியே. சார்ஜருக்கும். ஹாரனுக்குக்கூட. ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதமாகியும் ஒன்றும் உதிரவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்த அலுமினியப் பெட்டியின் நெற்றி மட்டும் காலி. அதுதான் கன்ட்ரோலர். கைப்பிடியை எவ்வளவு திருகினால் மோட்டாருக்கு எவ்வளவு கரன்ட் போக வேண்டும் என்று முடிவு செய்கிற பெட்டி.

"மாமா, லோகநாயகி அக்கா இத மட்டும் மறந்திருப்பாங்களா?"

பக்கிரி மாமா எட்டிப் பார்த்தார். "ஹாரனுக்கே பொட்டு வச்ச பொம்பள. பூஜை அன்னிக்கி நான் பக்கத்துல ஆடாம நின்னிருந்தா எனக்கும் வச்சிருக்கும்."

சிதம்பரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கம். சனிக்கிழமை, காலை பதினோரு மணி. மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சேற்றில் நின்ற அந்த பேட்டரி ஆட்டோவின் முன்பக்கத்தில் இன்னும் கீரைத் தண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

என் பெயர் சவரியம்மாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கன்ட்ரோலர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாங்கி என்ன? "பொம்பளப் புள்ளைக்கு எலெக்ட்ரிக்கலா?" என்று கேட்டவன் இன்னும் அதே இடத்தில் நின்று அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். செத்த பெட்டி ஏன் செத்தது என்று கண்டுபிடிப்பது என் தொழில். நெல்லிக்குப்பத்தில் காணாமல் போன பேட்டரி ஒன்றை அதன் சார்ஜரை வைத்தே பிடித்துக் கொடுத்த நாளிலிருந்து, அதற்குத் துப்பறிதல் என்று பக்கிரி மாமா பெயர் வைத்துவிட்டார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இருபது வருஷம் டீசல் ஆட்டோ ஓட்டியவர். இப்போது எனக்கு உதவியாளர். அவர் சொல்வதைக் கேட்டால் நான்தான் அவருக்கு உதவியாளர்.

நேற்று லோகநாயகி பஸ் ஏறி என் கடைக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் கஞ்சித்தொட்டி முனையில் சவாரிக்காக நின்றிருக்கிறாள். சாவி போட்டபடி இருந்தது. மழையில் நனைந்த தலைமுடியை இரண்டு கையாலும் அள்ளி முடிந்துகொண்டிருந்தபோது வண்டி தானாகப் பாய்ந்தது. ரோட்டோரம் கீரை விற்றுக்கொண்டிருந்த ஆண்டி என்ற பெரியவர் மேல் ஏறியது. தொடை எலும்பு இரண்டாகப் போய்விட்டது. மோதிய கையோடு வண்டியும் செத்துப்போய் நின்றுவிட்டது. டிரைவரின் கவனக்குறைவு என்று கேஸ் எழுதினார்கள். வியாழக்கிழமை மதியம் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து ஓட்டிப் பார்த்தார். வண்டி பூப்போல ஓடியது. கோளாறு எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை லைசன்ஸ் விசாரணை.

"நான் திருகலம்மா. ரெண்டு கையும் தலையில இருந்துச்சு," என்றாள். அப்புறம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இல்ல, முடிஞ்சிட்டு கைய வச்சிட்டேனா? எல்லாரும் நீதான் திருகுனன்னு சொல்லச் சொல்ல எனக்கே டவுட்டா இருக்குது. நீ படிச்ச பொண்ணு. நான் திருகுனனா இல்லையான்னு மட்டும் சொல்லிடு."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்ணின் கையை அவளே நம்பாதபடி ஆக்க நான்கு நாள் போதுமா?

கைப்பிடியோடு இணைக்க, கன்ட்ரோலர் பெட்டியோடு சேர்ந்தே மூன்று ஒயர் வரும். சிவப்பு, கறுப்பு, பச்சை. எவ்வளவு திருகியிருக்கிறது என்று பெட்டியிடம் சொல்வது பச்சை. மழைத் தண்ணீரில் கறுப்பு மக்கி அறுந்தால் பச்சை பொய் சொல்லும். யாரும் தொடாமலே, முழுசாகத் திருகியாச்சு என்று சொல்லும். நல்ல பெட்டி அந்தப் பொய்யை உடனே பிடித்து மோட்டாரை நிறுத்தும். மலிவுப் பெட்டி இரண்டு விநாடி நம்பிவிட்டு அப்புறம்தான் நிறுத்தும். எதுவானாலும் உள்ளே ஒரு கோளாறு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளும். அந்த எண் கிடைத்தால் லோகநாயகியின் இரண்டு கையும் தலையில்தான் இருந்தன என்று பெட்டியே சாட்சி சொல்லும்.

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். எண் எதுவும் இல்லை. பிறந்த குழந்தை மாதிரி சுத்தமான நினைவு.

"பெட்டிய மாத்தியிருக்காங்க மாமா. பழசு கெடச்சா அக்கா தப்பிச்சாங்க."

"பழசு எங்க இருக்குது?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

"அப்போ டீ சாப்பிட்டுட்டு கண்டுபிடிப்போம்," என்றவர் மூன்று டீ சொன்னார். மூன்றாவது, வாசலில் உட்கார்ந்திருந்த ஏட்டு சடையப்பனுக்கு.

சடையப்பன் டீயை வாங்கிக்கொண்டார். கேள்வியை வாங்கிக்கொள்ளவில்லை. "ஸ்டேஷன்ல நிக்கிற வண்டிய எவன் தொடுவான்? ஒருத்தனும் தொடல."

"அதான் ஏட்டய்யா, நானும் இதுகிட்ட சொன்னேன். இங்க பேய்கூட உள்ள வராதுன்னு," என்றார் மாமா.

ஏட்டு டீயைக் கீழே வைத்தார். குரல் தணிந்தது. "அத ஏன் கேக்கற. புதன்கெழம வந்துச்சு."

"யாரு?"

"பேயிதான். கம்பெனி ஆளு ஒருத்தன், பேட்டரி எறங்கிடும், பார்த்துட்டுப் போறேன்னு வந்தான். ஜாக்கி போட்டு பின்பக்கத்தத் தூக்குனான். வண்டில ஒருத்தரும் இல்ல. கைப்பிடிய யாரும் தொடல. சக்கரம் தானா பின்னாடி சுத்துது! அவன் ஏதோ ஒயரப் புடுங்கி மறுபடி சொருவுனான். இப்ப முன்னாடி சுத்துது. நான் போயி எலுமிச்சம்பழம் வாங்கியாந்து வச்சேன். அந்தா பாரு."

முன்சக்கரத்துக்குக் கீழே அழுகிய எலுமிச்சம்பழம் ஒன்று கிடந்தது.

மாமாவை ஓரமாக இழுத்தேன். "புதுப் பெட்டி மாட்டுனா அதுக்கு மோட்டாரப் பழக்கணும் மாமா. அதுக்குன்னு தனியா ரெண்டு ஒயர் இருக்கு. அத சேர்த்தா சக்கரம் தானா சுத்தும். தப்பான பக்கம் சுத்துனா, பிரிச்சி மறுபடி சேர்த்தா திரும்பிக்கும். பழைய பெட்டிக்கு இதெல்லாம் தேவையே இல்ல."

"ஏற்கெனவே குடும்பம் நடத்தற புருசன் பொண்டாட்டிக்கு எதுக்குப் பொண்ணு பாக்கற சடங்குன்னு சொல்ற."

"அதேதான். புதன்கிழமை இங்க நடந்தது பொண்ணு பாக்கற சடங்கு."

வண்டி விற்ற ஷோரூம் வண்டிகேட் பக்கம். சபாபதி என்று தன் பெயரையே ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தார் முதலாளி. ஏ.சி. அறை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் யார் என்று சொன்னதும் இன்னும் அதிகமாகச் சிரித்தார்.

"கடலூர் சவரி சர்வீஸா? நீதானாம்மா அது? நம்ம பெட்டியெல்லாம் உங்கிட்டதான் வருது. யாரோ ஆம்பளன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"லோகநாயகி வண்டிய விபத்துக்கு அப்புறம் உங்க ஆளு தொட்டாரா சார்?"

"தொடவே இல்ல. கேஸ்ல இருக்கற வண்டிய தொடலாமா? பேட்டரி சார்ஜ் மட்டும் பார்த்துட்டு வரச் சொன்னேன். ஒரு சேவைதான்."

"சார்ஜ் பாக்க ஜாக்கி எதுக்கு சார்?"

சிரிப்பு அப்படியே நின்றது. "டயர்ல காத்து கம்மியா இருந்திருக்கும்."

"சரிதான்," என்றார் மாமா. "பேட்டரிக்கு பிரஷர் பாத்திருக்காங்க."

சபாபதி அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். "பாப்பா, இவ்ளோ தூரம் வந்துட்ட. கோயிலுக்குப் போயி நடராஜரப் பார்த்துட்டு மத்தியான பஸ்ஸ புடி. கவர்மென்ட் ஆளு வந்து வண்டிய ஓட்டிப் பார்த்து கையெழுத்து போட்டுட்டாரு. அதே மாடல் நாப்பது வண்டி இந்த ஊர்ல ஓடுது. எல்லாம் நல்லாதான் ஓடுது. இதுக்கு மேல சொல்ல நீ யாரு?"

நாற்பது வண்டி. அவர் வாயாலேயே காரணம் வந்துவிட்டது. ஒரு பெட்டி பொய்யை நம்பியது என்று வெளியே தெரிந்தால் நாற்பதையும் கழற்ற வேண்டும். நாற்பதைக் கழற்றுவதைவிட ஒரு லோகநாயகியைக் கழற்றிவிடுவது சுலபம்.

நீ யாரு என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஏ.சி.யில் சொல்கிற பதில் இல்லை. எழுந்து வெளியே வந்தேன்.

ஷோரூமுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அங்கே ஒருவர் மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் தைத்திருந்த பெயர் செந்தமிழ்செல்வன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"கடலூர் மேடமா? ஃபோன்லயே பேசிட்டு இன்னிக்கிதான் பாக்கறேன்."

நான் சுற்றி வளைக்கவில்லை. "லோகநாயகி வண்டிப் பெட்டிய மாத்துனது நீங்கதான?"

அவர் ஷோரூம் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "ஆமா மேடம். மொதலாளி மாத்தச் சொன்னாரு."

"பழச என்னா பண்ணீங்க?"

இந்த முறை அவர் ஷோரூமைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், ஒரு மாதிரியாக. "என்னா மேடம், என்கிட்ட கேக்கறீங்க?"

"வேற யாருகிட்ட கேக்கறது?"

"அவரு கான்சாகிப் வாய்க்கால்ல தூக்கிப் போடச் சொன்னாரு. சரி பண்ணா ஓடற பெட்டிய எவனாச்சும் தண்ணில போடுவானா? மனசு வரல. எப்பவும் போல வியாழக்கெழம காலைல மத்த பெட்டிங்களோட சாக்குல கட்டி மொத பஸ்ல ஏத்திட்டேன்."

"எங்க போற பஸ்ல?"

"கடலூர் பஸ்ல. உங்க கடைக்குத்தான் மேடம்."

மாமா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

வியாழக்கிழமை வந்த சாக்கு எனக்கு நினைவு இருந்தது. பதினோரு பெட்டி. எந்தப் பெட்டியும் எந்த வண்டி என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆயுத பூஜைக்கு அப்புறம் இரண்டு மாதத்துக்கு வருகிற பெட்டியெல்லாம் பொட்டோடுதான் வரும். முதலில் தின்னர் போட்டுத் துடைப்பேன். பிறகு லேப்டாப்பை மாட்டி, பழைய கோளாறு எண்கள் எல்லாவற்றையும் படிக்காமலே அழிப்பேன். பழைய எண்களில் முக்கால்வாசி குப்பை. அழித்துவிட்டு ஓடவிட்டால் திரும்ப எது வருகிறதோ அதுதான் உண்மையான நோய். இப்படிச் செய்வதால்தான் மற்றவர்கள் ஒரு நாளைக்கு நாலு பெட்டி பார்க்கிற இடத்தில் நான் பதினொன்று பார்க்கிறேன். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

அன்று ஒரு பெட்டியின் அலுமினிய மடிப்பில் ஒரு அரிசி சிக்கியிருந்தது. துணிக்கு வரவில்லை. ஸ்குரூ டிரைவர் முனையால் நெம்பி எடுத்தேன். அதே பெட்டியின் கறுப்பு ஒயர் மக்கி, உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. வெட்டிப் போட்டுவிட்டுப் புது ஒயர் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து இருபது நிமிஷம்.

மறுநாள் லோகநாயகி என் கடையில் நின்றுகொண்டு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த இடத்துக்கும், அந்த ஒயர் கிடந்த குப்பைக்கூடைக்கும் நடுவில் நான்கு அடி இருக்குமா?

"அந்தப் பெட்டி இப்ப எங்க?" என்று கேட்டேன்.

"நேத்து காலைல நீங்க திருப்பி அனுப்புன சாக்குல வந்துடுச்சே. ஸ்ரீமுஷ்ணம் வண்டி ஒண்ணுல மாட்டியாச்சு. சூப்பரா ஓடுது," என்றார் செந்தமிழ்செல்வன். மனசாரத்தான் சொன்னார். "உங்க வேலை எப்பவும் சுத்தம் மேடம்."

"நீங்க மாத்துனத ஸ்டேஷன்ல வந்து சொல்லணும்."

"சொல்ல மாட்டேன் மேடம்." கோபமே இல்லாமல் சொன்னார். "ரெண்டு பொண்ணுங்க இருக்குது. என் பேர இழுத்தீங்கன்னா, உங்கள பார்த்ததே இல்லன்னுடுவேன். தப்பா நெனச்சிக்காதீங்க."

தப்பாக நினைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். எஸ்.ஐ. வந்திருந்தார். பொறுமையாகத்தான் கேட்டார்.

"பொட்டு, அரிசி, பின்னாடி சுத்தற சக்கரம், எலுமிச்சம்பழம். ஏம்மா, இது கேஸா, கோயில் திருவிழாவா? ஏட்டக் கேட்டா பேயி சுத்துச்சுன்னுதான் சொல்வாரு."

"பெட்டி என்கிட்ட வந்துச்சு சார். அதுல இருந்த பதிவ அழிச்சது நான். எழுதிக் குடுக்கறேன்."

"எழுதிக் குடு. நான் வேணாங்கல. அழிக்கறதுக்கு முன்னாடி அதுல என்னா இருந்துச்சுன்னு பார்த்தியா?"

"இல்ல சார்."

"அந்த அறுந்த ஒயரு?"

"குப்பைல போட்டேன். முனிசிபாலிட்டி வண்டி எடுத்துட்டுப் போயிடுச்சு."

"வேல செய்யற ஆளு வந்து சொல்வானா?"

"மாட்டாரு."

எஸ்.ஐ. பேனாவை என் பக்கம் தள்ளினார். "எனக்கு உன்மேல சந்தேகம் இல்லம்மா. நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும். ஆனா இந்தப் பேப்பர்ல அந்தம்மா திருகலன்னு ஒரு வரிகூட இருக்காது. நீ அழிச்சன்னுதான் இருக்கும்."

எழுதினேன். பி.இ. என்று பெயருக்குப் பின்னால் போடப் போன கை பாதியில் நின்றது. அப்புறம் போட்டேன். அழித்தது படிக்காதவள் இல்லை என்று தெரியட்டும். எஸ்.ஐ. தாளை வாங்கி மடித்து ஃபைலுக்குள் வைத்தார். கிழித்துப் போட்டிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

வெளியே வந்ததும் மாமா சொன்னார், "திங்கக்கெழமலேருந்து சிதம்பரத்துலேருந்து ஒரு பெட்டிகூட வராது."

"வர வேணாம்."

"நல்லதுதான். தொடைக்கற துணி மிச்சம்." சிரிக்க வைக்கப் பார்த்தார். முடியவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

ஆண்டி இருந்த ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் காலில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் எடை தொங்கியது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு லோகநாயகி உட்கார்ந்திருந்தாள். கையில் கஞ்சிப் பாத்திரம். நான்கு நாளாக இவள்தான் கஞ்சி கொண்டு வருகிறாளாம். நர்ஸ்கள் இவளை மகள் என்று நினைத்திருக்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கேள்வி வாயில் இல்லை, கண்ணில் இருந்தது.

"நீங்க திருகல அக்கா," என்றேன். "சத்தியமா திருகல. ஒயரு அறுந்திருந்துச்சு. அத என் கையால தொட்டிருக்கேன்."

அவள் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். தொலைந்து போன பிள்ளையின் கையைப் பிடிக்கிற மாதிரி.

மிச்சத்தையும் சொன்னேன். சாக்கு, தின்னர், அழித்தது, குப்பை, செந்தமிழ்செல்வன், எஸ்.ஐ. மடித்து வைத்த தாள். எதையும் பூசி மெழுகவில்லை. திங்கட்கிழமை நானும் வந்து நின்று சொல்வேன், அதனால் ஒன்றும் ஆகாமல் போகலாம் என்றும் சொன்னேன்.

"லைசன்ஸ் போயிடுமா?"

"போயிடும்னுதான் தோணுது அக்கா."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அதற்காகவே ஒரு நிமிஷம் காத்திருந்தேன். அவள் சொன்னது வேறு. "அந்த ஐயாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா தப்பிக்கறதுக்கு சொல்றேன்னு நெனைப்பாரு."

கட்டில் ஓரத்தில் நின்று ஆண்டியிடம் சொன்னேன். சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், பச்சை ஒயர். மழை. பொய்யை இரண்டு விநாடி நம்புகிற பெட்டி. அவர் கண்ணை மூடாமல் கடைசி வரை கேட்டார். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அப்போ இந்தம்மா பண்ணல?"

"பண்ணல ஐயா."

"ஒயரு பண்ணிச்சு."

"ஆமா."

"அந்த ஒயரும் இப்ப இல்ல."

"இல்ல."

கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பைச் சற்று நகர்த்தினார். "நாலு நாளா இந்தம்மாவ திட்டிக்கிட்டே வலியத் தள்ளிட்டேன். வாயில வராத வார்த்தையெல்லாம் திட்டியாச்சு. இனிமே யாரத் திட்டறது? யாராச்சும் ஒரு பேர சொல்லு பாப்பா. கால் வலிக்குது."

சபாபதி என்று சொல்லலாம். அந்த ஆள் யார் என்று கேட்பார். ஏ.சி. அறையில் உட்கார்ந்து சிரிக்கிறவரை இங்கே படுத்துக்கொண்டு எப்படித் திட்டுவது? என் பெயரைச் சொல்லலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

லோகநாயகி என்னை நகர்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். கஞ்சிப் பாத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னையே திட்டுங்க ஐயா," என்றாள். "தெனம் வரப்போறது நான்தான."

கரண்டியால் ஆற்றி, முதல் வாய் ஊட்டினாள்.